பள்ளியில்: ஒரு லிட்டர்

ஜூலை 4, வியாழன்

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. பத்தொன்பது வருஷமாகப் பாடக்குறிப்பு எழுதியதிலேயே கை அலுத்துவிட்டது. இது டாக்டர் சொல்லி எழுதுவது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் பொங்கலுக்குக் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது, அதைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இடுப்புக்குப் பின்னால் வலப்பக்கம் ஒரு வலி கிளம்பியது பாருங்கள், துருவியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் படுத்துவிட்டேன். இரண்டு பெற்றவள் நான். அந்த இரண்டும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து ஓடி, ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்ததில் சிறுநீர்க்குழாயில் ஆறு மில்லிமீட்டர் கல் என்று தெரிந்தது.

இன்று லீவு போட்டு மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தோம். பெரிய டாக்டர் என்றால் முப்பது வயசுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. "ஆறு மில்லிதானே மேடம், தண்ணியிலயே தள்ளிப் பாப்போம். ஒரு நாளைக்கு மூணு லிட்டர். ஆகஸ்ட் பதினாலு திரும்ப ஸ்கேன். நகரலைன்னா உள்ள ட்யூப் விட்டு உடைச்சு எடுக்கணும். அதுக்கப்புறம் மூணு வாரம் ரெஸ்ட்" என்றாள். மூன்று வாரம் நான் படுத்தால் காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் பத்தாம் வகுப்புக்கு யார் கணக்கு நடத்துவார்கள்? தண்ணீரையே குடித்துத் தொலைக்கலாம்.

"ஸ்கூல்ல எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொன்னார்: "ஒரு லிட்டர் பாட்டில் டாக்டர். நாந்தான் சீரகம் போட்டுக் காய்ச்சி ஊத்திக் குடுக்கேன். சாயங்காலம் காலியாத்தான் வரும்."

காலியாகத்தான் வருகிறது. அது உண்மைதான்.

என்ன குடித்தோம், எப்போது குடித்தோம் என்று தினமும் எழுதிக் கொண்டுவரச் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன்.

ஜூலை 5, வெள்ளி

காலை: 2 டம்ளர், அரை லிட்டர். பள்ளியில்: ஒரு லிட்டர். மாலை வந்ததும் 4 டம்ளர். இரவுச் சாப்பாட்டோடு 2. ஆக மூன்று லிட்டர்.

வீட்டுக்காரர் பெயர் செல்லப்பாண்டி. டெலிபோன் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறார். இதுவரை வேலையில்லாமல் இருந்தவருக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. சமையலறை மேடையில் எட்டு டம்ளரை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார். நான் ஒன்றைக் குடித்தால் அதை நிமிர்த்தி வைக்கிறார்.

ஜூலை 8, திங்கள்

பள்ளியில்: ஒரு லிட்டர். மொத்தம் மூன்று.

எங்கள் பள்ளியைப் பற்றி எழுதவேண்டும், இல்லாவிட்டால் டாக்டருக்குப் புரியாது. உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. பெண் ஆசிரியர்கள் பதினாலு பேர், ஆண்கள் எட்டுப் பேர். எங்கள் பதினாலு பேருக்கும் ஒரு கழிப்பறை உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. எப்போதோ ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் உள்ளே போய்க் குழாயை உடைத்துவிட்டார்கள் என்று அன்றைக்குப் பூட்டியது. சாவி தலைமை ஆசிரியர் தனுஷ்கோடி சார் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தொலைந்து போகாமல் இருக்க அதை ஒரு பழைய கரும்பலகை டஸ்டரில் கட்டியிருக்கிறார். செங்கல் கனம் இருக்கும். போகவேண்டும் என்றால் அவர் முன்னால் போய் நின்று, "சார், சாவி" என்று கேட்கவேண்டும். பிறகு அந்த டஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடந்து போகவேண்டும். இன்னார் எங்கே போகிறார் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஆண் ஆசிரியர்களுக்குப் பூட்டும் கிடையாது, டஸ்டரும் கிடையாது.

இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு நாள்கூட அந்தச் சாவியைக் கேட்டதில்லை. காலையில் அரை டம்ளர் காபி. மத்தியானம் சோற்றோடு இரண்டு மடக்கு. வீட்டுக்கு வந்துதான் மற்றதெல்லாம். புதிதாக வரும் டீச்சர்களுக்கு இதைச் சொல்லி, "பழகிக்கோங்கம்மா, எல்லாம் மனசுதான்" என்று தைரியம் கொடுத்ததே நான்தான்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இரண்டு மடக்கு என்றும் ஒரு லிட்டர் என்றும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. அது முன்பு, இது இப்போது. டாக்டர் கேட்டால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 10, புதன்

பள்ளியில்: ஒரு லிட்டர். மொத்தம் மூன்று. வலி இல்லை.

ஜூலை 11, வியாழன்

பள்ளியில்: ஒரு லிட்டர்.

செவ்வாயும் வியாழனும் பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு இரண்டு பீரியட் கணக்கு. பி பிரிவு முழுக்கப் பெண்பிள்ளைகள், நாற்பத்தொரு பேர். ஒன்பது வருஷமாக இந்த வகுப்பில் கணக்கில் ஒருத்தியும் ஃபெயில் இல்லை. அதற்குக் காரணம் கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: என் பீரியடில் கதவு உள்ளே வரத்தான் திறக்கும், வெளியே போகத் திறக்காது. முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்றைக்கு சுபநிகா எழுந்து நின்றாள். மூன்றாவது பெஞ்சு, எலும்பும் தோலுமாக இருப்பாள், படிப்பு நடுத்தரம்.

"மிஸ், பாத்ரூம் போயிட்டு வரவா?"

"இன்டர்வெல்ல என்ன பண்ணுன?"

"கூட்டமா இருந்துச்சு மிஸ்."

"மத்தவங்களுக்கெல்லாம் கூட்டமா இல்லையா? உக்காரு. இருபடிச் சமன்பாடு உன்னைய விட்டுட்டுப் போயிரும்."

வகுப்பு சிரித்தது. உட்கார்ந்துவிட்டாள். மீதி நேரம் முழுக்கக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தக் கால் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததில் ஒரு இடத்தில் ப்ளஸ்ஸுக்கு மைனஸ் போட்டுவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

பள்ளியில்: ஒரு லிட்டர்.

வீட்டுக்காரர் வாழைத்தண்டுச் சாறு ஆரம்பித்திருக்கிறார். நாற்றம் தாங்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால், "ரெண்டு மடக்குதான், முழுங்கிரு மாலா" என்று பக்கத்திலேயே நிற்கிறார். சாயங்காலம் நான் வந்ததும் பையிலிருந்து பாட்டிலை அவரே எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கிறார். ஒரு சொட்டு விழுந்தால், "இதையும் விடாம குடிச்சிருக்கலாம்ல" என்று சிரிக்கிறார். பால்காரரிடம்கூட, "எங்க வீட்டம்மா தண்ணி விஷயத்துல கரெக்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏன் என்று எழுத இப்போது நேரமில்லை, விடைத்தாள் கிடக்கிறது.

ஜூலை 18, வியாழன்

பள்ளியில்: ஒரு லிட்டர். மத்தியானம் கொஞ்சம் வலி. மாத்திரை போட்டுக்கொண்டேன். மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்கு.

அறிவியல் டீச்சர் பெனாசிர் என் பக்கத்து நாற்காலி. வீடு பக்கம் என்பதால் மத்தியானம் ஓடிப்போய் வந்துவிடும் அதிர்ஷ்டசாலி. இன்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மழையே இல்ல டீச்சர், ஸ்கூல்ல இருக்குற செடியெல்லாம் காஞ்சு போச்சு, லேப் பின்னாடி இருக்குற அந்தச் செம்பருத்தி மட்டும் எப்படிப் பூத்துத் தள்ளுது பாருங்க" என்றார்.

"அந்த எடத்து மண்ணு நல்ல மண்ணு டீச்சர்" என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

இன்றைக்கு எழுதித்தான் ஆகவேண்டும்.

நாலு மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் போகட்டும் என்று பத்து நிமிஷம் ஸ்டாஃப் ரூமில் இருந்துவிட்டு, வழக்கம் போல லேபுக்குப் பின்னால் போனேன். அங்கே சுபநிகா நின்றுகொண்டிருந்தாள். செம்பருத்திச் செடி மேல் பச்சைப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். தண்ணீர் குபுகுபு என்று போய்க்கொண்டிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என் கையிலும் பாட்டில், மூடி திறந்த பாட்டில்.

மறைக்க வழியே இல்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"செடிக்கா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இல்ல மிஸ். அப்படியே கொண்டுபோனா அம்மா வையும்."

"காலையிலருந்து குடிக்கவே இல்லையா?"

"இன்னைக்கு செவ்வாக்கிழமைல மிஸ்."

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள், டைம்டேபிள் ஒப்பிப்பது போல. பொம்பளப்பிள்ளைகளுக்கு நாலு கழிப்பறை, மைதானத்துக்கு அந்தப் பக்கம். இருநூற்றுச் சொச்சம் பேர், இன்டர்வெல் பத்து நிமிஷம். இவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். மற்ற பீரியடில் கேட்டால் சில சமயம் விடுவார்கள். "உங்க பீரியட்ல விடமாட்டீங்கள்ல மிஸ், அதனால ரெண்டு கணக்கு வர்ற அன்னைக்கு வீட்டுலயே குடிக்கமாட்டேன். ஸ்கூல்லயும் குடிக்கமாட்டேன். அன்னைக்கு ஒரு நாள் தெரியாம குடிச்சிட்டேன், அதான் கேட்டுட்டேன்."

தப்புச் செய்துவிட்டது போல அதைச் சொன்னாள்.

பிறகு என் பாட்டிலைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு மிஸ் ஊத்துறீங்க? நீங்க சாவி கேட்டா எச்.எம். சார் குடுப்பாருல்ல?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றேன்.

போய்விட்டாள். என் பாட்டில் தண்ணீரையும் செடியில் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்காரர் கவிழ்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

பள்ளியில்:

ஜூலை 24, புதன்

நேற்று விட்ட இடத்தை நிரப்பவில்லை. இன்றும் நிரப்பவில்லை.

ஜூலை 26, வெள்ளி

சுபநிகா நேற்றும் இன்றும் வரவில்லை. வைரல் காய்ச்சல் சீசன்.

ஜூலை 29, திங்கள்

சீசன் இல்லை. பெனாசிர் டீச்சர்தான் அவளுடைய வகுப்பாசிரியர். காலையில் அவளுடைய அம்மா போன் செய்தார்களாம். சிறுநீரில் கிருமி, அது கிட்னி வரை ஏறிவிட்டது, நூற்று மூன்று காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"தண்ணி குடிக்காம அடக்கி வச்சா இப்படி ஆயிரும். நான் பாடத்துலயே சொல்லிக் குடுக்கேன், எந்தப் புள்ள கேக்குது?" என்றார் பெனாசிர்.

நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே நோட்டை இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆறு சாத்துக்குடியோடு. பிள்ளை கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறாள். கையில் ட்ரிப்ஸ். அவளுடைய அம்மா பாண்டிச்செல்வி, நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை பார்ப்பவர், எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னே தெரியல டீச்சர். தண்ணியெல்லாம் நல்லாத்தான் குடிக்கும். தெனமும் ஒரு பாட்டில் குடுத்து விடுவேன், காலியாத்தான் கொண்டுவரும்" என்றார்.

சுபநிகா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காட்டிக்கொடுக்கவில்லை. தன்னையும் இல்லை, என்னையும் இல்லை.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஒடம்ப பாத்துக்கோ, போர்ஷன நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு என்மேலேயே அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

ஜூலை 31, புதன்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தபோது அது நிறைந்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் குடித்ததில்லை, எல்லாம் செம்பருத்திக்கு ஊற்றினேன் என்றேன்.

பாட்டிலை மேடையில் வைத்தார். "அப்ப நான் சீரகம் போட்டுக் காய்ச்சுனதெல்லாம்?"

"செடிக்குத்தான்."

"வாழத்தண்டு?"

"அது வீட்டுல குடிச்சது. அது நெஜந்தான்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் கேட்டார்: "பஞ்சாயத்துத் தலைவரு, கரண்டு ஆபீஸு, கலெக்டரு, எல்லாத்தையும் நிக்க வச்சுக் கேள்வி கேப்ப. ஒரு சாவி கேக்க உனக்கு வாய் வரலையா?"

வரவில்லை என்றுதான் சொன்னேன். அது என்ன கூச்சம் என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன். பாதியில் எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது, நிறுத்திவிட்டேன்.

டைரியின் பழைய பக்கங்களைத் திருப்பினேன். 'ஒரு லிட்டர்' என்று எழுதிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் அடித்துவிட்டுச் சுழி போட்டேன். விடைத்தாளில் பிள்ளைகளுக்குப் போடுவேனே, அதே மாதிரி.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று பாட்டிலை அவர் நிரப்பவில்லை. நானே நிரப்பிக்கொண்டேன். இரண்டாவது பீரியட் முடிவதற்குள் பாதி குடித்துவிட்டேன். பத்தே முக்காலுக்குத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். உள்ளே டிரில் மாஸ்டரும் பாடப்புத்தகம் கொண்டுவந்த ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலேயே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் வயிறு விடவில்லை.

"சார், சாவி" என்றேன்.

தனுஷ்கோடி சார் தலையைத் தூக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி, டஸ்டரை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக நான் பயந்தது நாலு விநாடியில் முடிந்துவிட்டது.

உள்ளே மூலையில் பழைய பரீட்சைத் தாள் மூட்டை, ஒரு விளக்குமாறு, சிவப்பு வாளி. குழாயில் தண்ணீர் நன்றாகவே வருகிறது. இப்படி ஒரு சுகத்தை எழுதலாமா என்று தெரியவில்லை. டாக்டர்தானே படிக்கப்போகிறாள், எழுதுகிறேன்: வெளியே வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது சார் நிமிர்ந்தார். "டீச்சருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லா இருக்கணும்னுதான் சார் போறேன். இந்தச் சாவி உங்க ரூம்ல எதுக்கு சார்? எங்க ரூம்லயே தொங்கட்டும்."

"தொலச்சிட்டா?"

"தொலஞ்சா கதவு தெறந்து கெடக்கும். யார் சார் வந்து அதத் திருடிட்டுப் போகப்போறா?"

டிரில் மாஸ்டர் இருமினார். சார் டஸ்டரைப் பார்த்துவிட்டு, "டஸ்டரோட கொண்டு போங்க" என்றார். கொண்டு வந்து எங்கள் ரூம் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். மத்தியானத்துக்குள் ஆறு டீச்சர்கள் அதை எடுத்துப் போனார்கள். ஒருத்தர்கூட இன்னொருத்தரைப் பார்க்கவில்லை, எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.

பள்ளியில்: முக்கால் லிட்டர். இது நிஜம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனேன். சுபநிகாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், செம்பருத்தி, செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு நான் செய்த கேலி எல்லாம்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "நீங்க விடலைன்னு எம்புள்ள ஒரு நாளும் சொல்லலியே டீச்சர்" என்றார். அப்புறம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "நாந்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன், வெளிய போனா அடக்கிக்கிரணும்னு. யூனிட்ல நாங்க முப்பது பேரும் அப்படித்தான் இருக்கோம். எங்கம்மா எனக்குச் சொல்லுச்சு, நான் இதுக்குச் சொன்னேன்" என்றார்.

இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தோம். கிளம்பும்போது அவர் சொன்னது: "இனிமே கேட்டா விட்ருங்க டீச்சர்." நான் மன்னிப்புக் கேட்டேன்.

பள்ளியில்: ஒரு லிட்டர். முழுசாக. வீட்டுக்காரர் இன்று பாட்டிலை அவரே நிரப்பினார். சீரகம் கூடுதலாகப் போட்டிருந்தார், கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சுபநிகா வந்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போய், யூனிஃபார்ம் தொளதொள என்று இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போ. கேக்கவே வேண்டாம்" என்றேன். தலையாட்டினாள். மனசு லேசாகிவிட்டது. ஒன்றரை மாதமாக இல்லாத பசி இன்று. இட்லி ஏழு.

ஆகஸ்ட் 14, புதன்

ஸ்கேன். கல் கீழே இறங்கியிருக்கிறது, சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். டாக்டர் டைரியை வாங்கிப் புரட்டினாள். சிவப்புச் சுழிகளில் நின்றாள். செம்பருத்திப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"எல்லாரும் மூணு லிட்டர்னுதான் மேடம் எழுதிட்டு வருவாங்க" என்றாள். "நானும் ஓ.பி.யில உக்காந்தா மத்தியானம் வரைக்கும் குடிக்கிறதில்ல."

"உங்களுக்கும் சாவியா?"

"இல்ல. வெளிய எழுபது பேர் நிப்பாங்க. எந்திரிச்சுப் போகக் கூச்சமா இருக்கும்."

நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவளுடைய மேஜையில் வைத்தேன். சீரகத் தண்ணீர், குடி என்றேன். நோயாளி சொல்லி டாக்டர் குடித்தாள். ட்யூப் வேண்டாம், இன்னும் மூன்று வாரம் இப்படியே போகட்டும் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். அதையும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சுபநிகா ஒரு நாள்கூட எழுந்து போகவில்லை. அவளுடைய பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், நிறைந்திருக்கிறது.

"ஏன்டி? நாந்தான் போகச் சொன்னேன்ல?"

"நான் மட்டும் எந்திரிச்சுப் போனா எல்லாரும் பாப்பாங்க மிஸ்."

பதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இதே காரணத்துக்காகப் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். டாக்டர்கள் எழுதும் மாத்திரையில் இது தீராது. திரும்பக் கல் வரும், திரும்பக் காய்ச்சல் வரும். சாயங்காலத்திலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வீட்டில்: 5 டம்ளர். பள்ளியில்: ஒரு லிட்டருக்கும் மேல்.

இரண்டு கணக்கு வரும் நாள். மூன்றாவது பீரியட், பத்து பி. கரும்பலகையில் ஒரு கணக்குப் பாதியில் நிற்கிறது. சாக்பீஸைக் கீழே வைத்தேன். முந்தின நாளெல்லாம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான்.

"நான் பாத்ரூம் போகணும்" என்றேன். என் கணக்கு சொல்லும் குரலில், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி. "காலையிலருந்து ரொம்பத் தண்ணி குடிச்சிருக்கேன், அதனால போகணும். போயிட்டு வந்து மிச்சத்தப் போடுவோம். யாருக்குப் போகணுமோ எங்கூட வாங்க."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்ததே இல்லை. நான் கதவருகே போய் நின்றேன். யாரும் வராவிட்டால் தனியாகவே போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் சுபநிகா எழுந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அப்புறம் பெஞ்சுகள் நகரும் சத்தம்தான் கேட்டது.

வராந்தாவில் வரிசையாகக் கூட்டிப்போனேன். தனுஷ்கோடி சார் வாசலுக்கு ஓடி வந்தார். "எங்க டீச்சர் இம்புட்டுப் பேரயும் கூட்டிட்டுப் போறீங்க?"

"பாத்ரூமுக்கு சார்."

அவர் வாயைத் திறந்து மூடினார். வழி விட்டார்.

மைதானத்தின் அந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகளைத் தவிர ஒருவரும் இல்லை. முதலில் நானும் அங்கேயே போனேன், பிள்ளைகளோடு பிள்ளையாக. பிறகு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களை எண்ணினேன். எண்ணுவது என் தொழில், கை தானாக எண்ணும். இன்றைக்கு வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். உட்கார்ந்தே இருந்தவர்கள் ஏழு பேர். எழுந்து வந்தது முப்பத்தொரு பேர்.

முப்பத்தொரு பேர். இன்டர்வெல் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு பேரும் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த வகுப்பைப் பார்த்துத்தான் ஒன்பது வருஷமாக, "கவனம் எங்க இருக்கு? கவனம் எங்க இருக்கு?" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.